ரத்தப்போக்குக்கு வந்தவரிடம் கர்ப்பச் சோதனை எதற்கு?

எங்கள் மகளிர் மருத்துவப் பிரிவுக்கு ரத்தப்போக்கு என்று வரும் பெண்ணிடம், மருத்துவர் அழைப்பதற்கு முன்பே செவிலியர் ஒரு சிறு குப்பியைக் கொடுத்துச் சிறுநீர் எடுத்து வரச் சொல்கிறார். அது கர்ப்பச் சோதனைக்கு என்று அறிந்ததும் சிலர் வியப்படைகின்றனர், சிலர் சிரிக்கின்றனர், சிலருக்குக் கோபமே வந்துவிடுகிறது. "ஆபரேஷன் பண்ணிப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு சிஸ்டர், எனக்கு எதுக்கு இது?" என்று கேட்பவர் உண்டு. "மகளுக்குக் கல்யாணம் பேசிக்கிட்டு இருக்கோம், இந்த வயசுல போய்..." என்று வெட்கப்படுபவர் உண்டு. பெரும்பாலோர் எழுப்பும் ஐயம் இதுதான்: ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது என்பதே கர்ப்பம் இல்லை என்பதற்குச் சான்று ஆகாதா? ஆகாது. ஏன் ஆகாது என்பதை இவ்விதழில் சற்று விரிவாகவே விளக்க விரும்புகிறோம்.

முதலில் எங்கள் பக்கத்துப் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நோயாளியை எவரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். பல ஆண்டுகளுக்கு முன், 38 வயதுள்ள, இரு குழந்தைகளின் தாய் ஒருவர், 12 நாள்களாக விட்டுவிட்டுச் சிறிது சிறிதாக ரத்தம் படுகிறது என்று வந்தார். இரண்டாம் பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். அடிவயிற்றில் ஒரு பக்கம் லேசான வலி என்றும் சொன்னார். அறுவைச் சிகிச்சை ஆகிவிட்டது என்ற சொல்லை நாங்கள் அப்படியே ஏற்றோம். ஹார்மோன் மாறுபாடாக இருக்கும் என்று கருதி, ரத்தப்போக்கை நிறுத்த மாத்திரை கொடுத்து, அடுத்த வாரம் ஸ்கேனுக்கு வரச் சொல்லி அனுப்பினோம். மூன்றாம் நாள் இரவு குளியலறையில் மயங்கி விழுந்தவரை 108 வாகனத்தில் கணவர் கொண்டுவந்து சேர்த்தார். கருக்குழாயில் தங்கிய கர்ப்பம் வெடித்து, வயிற்றுக்குள் ஒன்றரை லிட்டருக்கு மேல் ரத்தம் தேங்கியிருந்தது. உடனடி அறுவைச் சிகிச்சையாலும், இரவோடு இரவாக ஏற்றிய நான்கு பை ரத்தத்தாலும் பிழைத்தார். முதல் நாளே சிறுநீரைச் சோதித்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். அன்றிலிருந்துதான் அந்தக் குப்பி எங்கள் பிரிவின் முதல் வேலையாயிற்று.

கர்ப்பத்திலும் ரத்தம் படும்

கர்ப்பம் தரித்தால் மாதவிலக்கு நின்றுவிடும் என்பது பொதுவாக உண்மையே. ஆனால் ரத்தப்போக்கு எல்லாம் மாதவிலக்கு அன்று. கருவுற்ற பெண்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு முதல் மூன்று மாதங்களில் ஏதேனும் ஒரு நாள் ரத்தம் படுகிறது. அவர்களுள் பலருடைய கர்ப்பம் எவ்விதக் குறையுமின்றித் தொடர்ந்து, நல்லபடி பிள்ளைப்பேறு நிகழ்கிறது. மற்றவர்களுக்கு அந்த ரத்தம் கருச்சிதைவின் தொடக்கமாக இருக்கலாம். கரு கருப்பைக்கு வெளியே தங்கியதன் அறிகுறியாக இருக்கலாம். அரிதாக, முத்துப்பிள்ளை என்று நம் மூதாட்டிகள் குறிப்பிட்ட, கருவுக்குப் பதிலாக நீர்க்கொப்புளங்கள் கொத்தாக வளரும் கர்ப்பமாகவும் இருக்கலாம்.

கருக்குழாய்க் கர்ப்பத்தில் ரத்தம் ஏன் மாதவிலக்கைப் போலவே தோன்றுகிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது. கரு தங்கிய இடம் எதுவாயினும், அது எச்.சி.ஜி. என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. அந்த ஹார்மோன்தான் சினைப்பைக்குச் செய்தி அனுப்பி, கருப்பையின் உள்படலம் உதிராமல் காக்கிறது. கருக்குழாயில் தங்கிய கரு பெரும்பாலும் நன்றாக வளர்வதில்லை. ஹார்மோனும் போதிய அளவில் சுரப்பதில்லை. ஆகவே உள்படலம் சிறிது சிறிதாக உதிர்கிறது. மாதவிலக்கில் உதிர்வதும் அதே உள்படலம்தான். நாள் சற்று முன்பின்னாக, அளவு சற்றுக் குறைவாக வந்ததால், 'இந்த மாதம் சரியாகப் படவில்லை' என்று பெண்கள் எண்ணிக்கொள்கின்றனர். நாள் தள்ளிப்போகவே இல்லை என்று உறுதியாகச் சொன்ன பெண்களிடமும் கருக்குழாய்க் கர்ப்பத்தை நாங்கள் கண்டிருக்கிறோம்.

கர்ப்பங்களில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு இவ்வாறு கருப்பைக்கு வெளியே தங்குகின்றன. அவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கருக்குழாயில்தான். அந்தக் குழாய் மெல்லியது. கருப்பையைப் போல விரிந்து கொடுக்க அதனால் இயலாது. கடைசி மாதவிலக்கிலிருந்து ஆறு முதல் எட்டு வாரங்களில் தொல்லை தொடங்குவதே பெரும்பான்மை. குழாய் கிழிந்தால் ரத்தம் வயிற்றுக்குள்தான் பாய்கிறது. வெளியே படும் ரத்தத்தின் அளவை வைத்து உள்ளே நடப்பதைக் கணிக்கவே முடியாது. அணையாடையில் சில துளிகள் மட்டுமே இருக்க, உள்ளே உயிருக்கே ஆபத்தான அளவு ரத்தம் சேர்ந்திருக்கக்கூடும். 'கொஞ்சமாகத்தானே படுகிறது' என்று வீட்டில் உள்ளோர் தரும் ஆறுதலை நாங்கள் ஏற்காததற்குக் காரணம் இதுவே.

தோள்வலி என்னும் எதிர்பாராத அறிகுறி ஒன்றும் உண்டு. வயிற்றில் தேங்கிய ரத்தம் உதரவிதானத்தை உறுத்தும்போது, நரம்பு வழியின் காரணமாக அந்த வலி தோள்பட்டை நுனியில் உணரப்படுகிறது. படுத்தால் கூடும். அடிவயிற்று வலியோடும் ரத்தப்போக்கோடும் தோள்வலி, தலைச்சுற்றல், கண் இருட்டல், மலம் கழிக்க வேண்டும் போன்ற உந்துதல் ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்தால், மறுநாள் புறநோயாளர் பிரிவு திறக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108ஐ அழையுங்கள். வரும் வழியில் உணவோ காபியோ கொடுக்க வேண்டாம். உடனே மயக்க மருந்து கொடுக்க நேரிடலாம்.

'எனக்கு வாய்ப்பே இல்லை'

அவ்வாறு சொல்பவர்களில் முதலிடம், குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு. நம் மாநிலத்தில் மிகப் பரவலாக உள்ள முறையும் அதுவே. மிக நம்பகமான முறை என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆயினும் அது முற்றிலும் தவறாத முறை அன்று. அமெரிக்காவில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்து 1996இல் வெளியான ஆய்வு, அறுவைச் சிகிச்சைக்குப் பிந்திய பத்தாண்டுகளில் 1,000 பேரில் 18 பேருக்குச் சற்று மேல் கருவுற்றதாகக் கண்டது. பிள்ளைப்பேற்றை அடுத்துச் செய்யப்படும் முறையில் அது 1,000 பேருக்கு ஏழு, எட்டு என்ற அளவில் குறைவாகவே இருந்தது. எண்ணிக்கை சிறிது. ஆனால் அந்த ஆய்வில், அறுவைச் சிகிச்சைக்குப் பின் கருவுற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது கருப்பைக்கு வெளியே தங்கிய கர்ப்பமாக இருந்தது. துண்டித்த குழாயில் காலப்போக்கில் நுண்ணிய வழி உண்டாகலாம். அவ்வழியே விந்தணு செல்ல இடமிருக்கும். அதைவிடப் பன்மடங்கு பெரிதான கரு திரும்பி வர இடமிராது. ஆகவே அங்கேயே தங்கிவிடும். அறுவைச் சிகிச்சை ஆனவருக்குக் கர்ப்பம் உண்டாவது அரிது. உண்டானால் அது தவறான இடத்தில் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிகுதி. காப்பர் டி அணிந்தோருக்கும் இதே கணக்குப் பொருந்தும்.

இடையே ஒரு நடைமுறைக் குறிப்பு. அரசு ஏற்பு பெற்ற இடத்தில் செய்த அறுவைச் சிகிச்சை தோல்வியுற்றால் அரசுத் திட்டத்தின்கீழ் இழப்பீடு கோரலாம். அதற்குக் காலவரம்பு உண்டு. அப்போது தந்த சான்றிதழைக் குடும்ப அட்டையோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருங்கள்.

அடுத்து வருவோர், மாதவிலக்கு நிற்கும் பருவத்தில் உள்ளவர்கள். தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிலக்கு வராதிருந்தால்தான் முழுமையாக நின்றது என்று சொல்கிறோம். அதற்கு முன் மூன்று மாதம் வராமல் நான்காம் மாதம் பெருகி வரும் காலத்திலும் சினைமுட்டை எப்போதாவது வெளிப்படவே செய்கிறது. 45 வயதில் கருவுறுவது அரிதாயினும் நிகழாத ஒன்று அன்று. தாய்ப்பால் கொடுப்போர் இன்னொரு சாரார். குழந்தைக்கு ஆறு மாதம் நிறையாமலும், தாய்ப்பாலன்றி வேறெதுவும் கொடுக்கப்படாமலும், மாதவிலக்கு மீளாமலும் இருந்தால் மட்டுமே தாய்ப்பால் ஒரு பாதுகாப்பு ஆகிறது. மூன்றில் ஒன்று தவறினாலும் அப்பாதுகாப்பு தளர்ந்துவிடும்.

எங்களை மிகவும் நெகிழச் செய்பவர்கள் நான்காம் வகையினர்: நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்கள். இவர்களுக்கு 45 நாளோ 90 நாளோ கழித்து மாதவிலக்கு வருவதே வழக்கம். நாள் தள்ளிப்போவது என்பதற்கு இவர்களிடம் பொருளே இல்லை. திருமணமாகி ஒன்பது ஆண்டுகள் குழந்தைக்காகக் காத்திருந்து, சிகிச்சையால் சலித்து, 'இனி முடியாது' என்று தாமே முடிவு செய்துகொண்ட ஒருவர், மூன்று வாரமாகத் துளித்துளியாகப் படுவதால் கருப்பையைச் சுத்தம் செய்துவிடுங்கள் என்று மாமியாருடன் வந்தார். குப்பியை வாங்க அவர் கை நீளவில்லை. ஒவ்வொரு மாதமும் அந்தச் சோதனை தந்த ஏமாற்றம் அவருக்குப் போதும் போதுமென்றிருந்தது. மிகவும் தயங்கியே ஒப்புக்கொண்டார். அன்று மாலை ஸ்கேனில் ஏழு வாரக் கருவின் இதயத் துடிப்பைக் கண்டோம். அவர் கேட்டபடி சுத்தம் செய்திருந்தால் எதைச் சுத்தம் செய்திருப்போம் என்று இப்போதும் எண்ணிப் பார்ப்பதுண்டு.

திருமணமாகாத பெண்களைப் பற்றியும் எழுதியாக வேண்டும். மகளுடன் வரும் தாய்மார்களே, சோதனையைப் பற்றி நாங்கள் பேசும்போது அதை உங்கள் வளர்ப்பின் மீதான பழியாகக் கொள்ள வேண்டாம். மாதவிலக்கு வரும் பருவத்தில் உள்ள அனைவருக்கும் ஒரே விதி. வேறுபாடு காட்டினால்தான் அது இழிவு. மகளிடம் சில நிமிடம் தனியே பேச அனுமதி கேட்போம். அச்சமயம் வெளியே அமர்ந்திருந்து ஒத்துழையுங்கள். சோதனை எதற்கு என்று அப்பெண்ணிடம் சொல்லி, அவர் சம்மதம் பெற்ற பின்பே செய்கிறோம். வயது வந்த பெண்ணின் முடிவை அவரிடமே சொல்வோம். கணவராயினும் தாயாராயினும் அவர் விருப்பமின்றிப் பிறரிடம் சொல்வதில்லை. 18 வயதுக்குக் குறைந்தவர் எனில் சட்டம் எங்கள்மீது சில கடமைகளைச் சுமத்துகிறது; அவற்றையும் முன்கூட்டியே விளக்கிவிடுவோம்.

சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

சிறுநீர்ச் சோதனை எச்.சி.ஜி. ஹார்மோன் இருக்கிறதா என்பதை மட்டுமே காட்டும். கரு எங்கே இருக்கிறது, நலமாக இருக்கிறதா என்பதை அது சொல்லாது. மாதவிலக்கு வர வேண்டிய நாளுக்கு முன்பே செய்தால் கர்ப்பம் இருந்தும் இல்லை என்று காட்டலாம். நிறையத் தண்ணீர் குடித்துச் சிறுநீர் நீர்த்துப்போயிருந்தாலும் அப்படியே. ஆகவே காலையில் முதலில் கழியும் சிறுநீர் மேலானது. கடைசியாகத் தாம்பத்திய உறவு கொண்டு மூன்று வாரம் கழிந்த பின்னும் சோதனை இல்லை என்றே காட்டினால் அதைப் பெரும்பாலும் நம்பலாம். அதற்குள் எடுத்த சோதனையானால் ஒரு வாரம் கழித்து மீண்டும் செய்வது முறை. ரத்தப்போக்கு இருக்கும்போது முடிவு தவறாகுமா என்று பலர் கேட்கின்றனர். மாதவிலக்கு ரத்தம் கலந்ததால் மட்டும் கர்ப்பம் என்று காட்டாது. பட்டையில் கோடு தெளிவாகத் தெரியாதபடி ரத்தம் மிகுந்திருந்தால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்கிறோம். அண்மையில் கருச்சிதைவு ஆனவருக்குச் சில வாரங்கள் வரை சோதனை கர்ப்பம் என்றே காட்டலாம். எனவே அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

கர்ப்பம் உறுதியானால் அடுத்தது பிறப்புறுப்பு வழியே செய்யும் ஸ்கேன். ஐந்து வாரம் கடந்த கர்ப்பம் கருப்பைக்குள் இருந்தால் பெரும்பாலும் அதில் தெரிந்துவிடும். தெரியாவிட்டால் கர்ப்பம் மிக இளையதாக இருக்கலாம், சிதைந்திருக்கலாம், வேறிடத்தில் இருக்கலாம். அத்தகையோருக்கு 48 மணி நேர இடைவெளியில் இரு முறை ரத்தத்தில் எச்.சி.ஜி. அளவை எடுக்கிறோம். நல்ல கர்ப்பத்தில் தொடக்கத்தில் அது இரண்டு மூன்று நாளில் ஏறத்தாழ இருமடங்காகும். மெதுவாக ஏறினாலோ, அதே நிலையில் நின்றாலோ எங்கள் கவலை கூடும். 'ஒரே சோதனைக்கு இரண்டு முறை பணம் வாங்குகிறார்கள்' என்ற முணுமுணுப்பு எங்கள் காதிலும் விழுகிறது. ஒரு முறை எடுத்த எண் எவ்வளவு என்று மட்டுமே சொல்லும். இரண்டாவது எண்தான் அது எத்திசையில் செல்கிறது என்று காட்டும். கருக்குழாய்க் கர்ப்பத்தை வெடிப்பதற்கு முன்பே கண்டால், தகுதியுள்ளவர்களுக்கு மெத்தோட்ரெக்சேட் ஊசியாலேயே அதைக் கரைத்துவிட இயலும். அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டாலும் சிறு துளை வழியாகச் செய்யலாம். வெடித்த பின் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு எங்களுக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. ரத்த வகை நெகட்டிவ் எனில், அடுத்த கர்ப்பத்தைக் காக்க ஆன்ட்டி-டி ஊசி தேவையா என்பதையும் அப்போதே முடிவு செய்வோம். ஆகையால் ரத்த வகை தெரிந்திருப்பது நன்று.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளைப் பற்றி எங்களுக்கு நீண்ட மனக்குறை உண்டு. ரத்தத்தை நிறுத்தும் மாத்திரை ரத்தத்தை நிறுத்தக்கூடும். அதன் காரணத்தை நிறுத்தாது. அறிகுறி மறைந்ததால் நோய் மறைந்தது என்று நிம்மதியாக இருக்கும் அந்த ஒரு வாரம்தான் கருக்குழாய்க் கர்ப்பத்தில் விலைமதிப்பற்ற காலம். அதைவிட ஆபத்தானது, ஸ்கேன் இல்லாமல் கருக்கலைப்பு மாத்திரையை வாங்கி விழுங்குவது. அம்மாத்திரை கருப்பைக்குள் உள்ள கர்ப்பத்தின் மீதே வேலை செய்யும். கருக்குழாயில் உள்ளதை ஒன்றும் செய்யாது. ஆனால் விழுங்கியதும் ரத்தம் படும், வயிறு வலிக்கும், 'கலைந்துவிட்டது' என்று எண்ணிவிடுவர். நம் நாட்டில் கருக்கலைப்பு 1971 முதல் சட்டப்படி, நிபந்தனைகளுக்கு உட்பட்டு அனுமதிக்கப்பட்ட சிகிச்சை. 2021இல் அச்சட்டம் மேலும் விரிவாக்கப்பட்டது. பெண்ணின் அடையாளத்தைக் காப்பதும் அச்சட்டத்தின் கட்டளையே. ஒளித்துச் செய்ய வேண்டிய தேவை எவருக்கும் இல்லை. ஏற்கெனவே விழுங்கிவிட்டீர்கள் எனில் அதை எங்களிடம் சொல்லிவிடுங்கள். கடிந்துகொள்ள மாட்டோம். சொல்லாமல் விட்டால்தான் எங்கள் கணக்கெல்லாம் தவறிப்போகும்.

வலிப்புக்கு வால்ப்ரோயேட், இதயநோய்க்கு வார்ஃபரின், முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் போன்றவற்றை உட்கொள்பவருக்கு இன்னொரு காரணமும் உண்டு. இம்மருந்துகள் கருவைப் பாதிக்கக்கூடியவை. அவற்றைத் தாமாக நிறுத்தக்கூடாது. கர்ப்பம் என்பதை விரைவில் அறிவது மட்டும் இன்றியமையாதது.

கர்ப்பம் இல்லை என்றான பின்

அதன் பிறகே 'அசாதாரண ரத்தப்போக்கு' என்ற விசாரணை தொடங்குகிறது. 24 முதல் 38 நாள்களுக்கு ஒரு முறை வருவது, எட்டு நாளுக்குள் நிற்பது ஆகியவை இயல்பு. மாதவிலக்குகளுக்கு இடையில் படுவதும், உறவுக்குப் பின் படுவதும், முழுமையாக நின்ற பின் ஒரு துளி பட்டாலும் இயல்பு அல்ல. பெருகிப் போவதைப் 'பெரும்பாடு' என்று தமிழ் மருத்துவம் அழைத்தது. அனுபவித்தவர்களுக்கு அச்சொல்லின் பொருத்தம் தெரியும். பாடநூல்கள் 80 மில்லி லிட்டருக்கு மேல் என்கின்றன. எவரும் அளந்து பார்ப்பதில்லை. மணிக்கொரு முறை அணையாடை மாற்ற நேர்வது, பெரிய கட்டிகளாக வெளிப்படுவது, இரவில் விரிப்பு நனைவது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது ஆகியவை எங்களுக்குப் போதுமான அளவுகோல்.

பன்னாட்டு மகளிர் மருத்துவக் கூட்டமைப்பான ஃபிகோ 2011இல் வெளியிட்ட வகைப்பாடு, காரணங்களை ஒன்பதாகப் பிரிக்கிறது. அவ்வகைப்பாடே கருவுறாத பெண்களுக்கு மட்டும் என்று வகுக்கப்பட்டது. சதை வளர்ச்சி, நார்த்திசுக் கட்டி, கருப்பைச் சுவர் தடிப்பு, புற்றுநோயும் அதற்கு முந்திய நிலையும் ஸ்கேனிலோ திசுப் பரிசோதனையிலோ கண்ணுக்குத் தெரிபவை. ரத்தம் உறைவதில் குறை, சினைமுட்டை வெளிப்படாமை, மருந்துகளின் விளைவு போன்றவை அவ்வாறு தெரியாதவை. பூப்பெய்திய தொடக்கத்திலேயே பெருகிப் போகும் சிறுமிக்கு ரத்த உறைதலைச் சோதிக்கிறோம். 45 வயதை நெருங்கியோருக்கும், உடல் எடையும் சர்க்கரை நோயும் மிகுந்தோருக்கும் கருப்பை உள்படலத்திலிருந்து சிறிது திசு எடுத்து ஆராய்கிறோம். 'எடுத்துப் போட்டுவிடுங்கள் டாக்டரம்மா, தொல்லை விட்டது' என்று கருப்பையை நீக்கச் சொல்வோருக்கு, காரணம் தெரியாமல் அதைச் செய்ய மாட்டோம் என்பதே எங்கள் விடை. அது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

வரும்போது மூன்றை மட்டும் கொண்டுவாருங்கள்: கடைசி மூன்று மாதங்களில் ரத்தம் பட்ட நாள்களைக் குறித்த நாள்காட்டி, உட்கொண்ட மாத்திரைகளின் அட்டைகள், பழைய ஸ்கேன் அறிக்கைகள். காலியான மாத்திரை அட்டையாயினும் எறியாதீர்கள். பின்புறத்தில் உள்ள பெயர் எங்களுக்குத் தேவை. காலையில் வருவதாயின், சிறுநீர் கழிக்காமல் வந்து முதலில் செவிலியரைப் பாருங்கள். குப்பி அவரிடம் இருக்கும்.